இருபத்து மூன்று தாத்தாமார்

எங்கள் ஆட்களிடம் தாத்தா என்றால் அக்கா. கூடப் பிறந்த மூத்தவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைப் பிடித்துத் திட்டக் கூடாது. கண்டியில் சிங்கள ஆட்களுக்குத் தாத்தா என்றால் அப்பா. தோட்டத்துத் தமிழ் ஆட்களுக்கு அப்பாவின் அப்பா. ஒரே பஸ்ஸில் மூன்று பிள்ளைகள் "தாத்தா" என்று கூப்பிட்டால் ஒரு கிழவரும், ஒரு நடுவயதுக்காரரும், ஒரு குமரிப் பெண்ணும் திரும்பிப் பார்ப்பார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? முப்பத்தொன்பது வருடமாகக் கெலிஓயாவில் இருக்கிறேன். தெரிந்திருந்தும்தான் அந்த மடத்தனத்தைச் செய்தேன்.

என் தாத்தாவின் பெயர் கைரியா. என்னைவிட ஏழு வயது மூத்தவள். ஒன்பது மாதமாக அவள் என்னோடு இல்லை. அக்குறணையில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்துகொண்டு, கடைக்காரரின் வீட்டு மேல்மாடியில் ஓர் அறையில் இருக்கிறாள். இங்கிருந்து இரண்டு பஸ் ஏறினால் போய்விடலாம். சவூதிக்குப் போனவர்கள்கூட வருடத்துக்கு ஒரு தடவை வந்து தலைகாட்டுகிறார்கள். இவள் வரவில்லை. அவள் வீட்டுக்கு வர வேண்டும், பழையபடி என்னைத் திட்ட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வீடு என் பெயரில் இருக்கிறது. கல்யாணத்தின்போது எங்கள் வழக்கப்படி வாப்பா எனக்கு எழுதித் தந்தது. தாத்தாவுக்கு ஒரு கல்யாணமும் சரிவரவில்லை. என்னோடும் என் மாப்பிள்ளை, அதாவது புருஷன், நளீரோடும் இருந்துவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் பை தைக்கும் வேலையைத் தொடங்கினோம். அவள் வெட்டுவாள், நான் தைப்பேன். முதலில் ஸ்கூல் பேக்தான் தைத்தோம். பிறகு நக்கிள்ஸ் மலை ஏறப் போகிற பையன்கள் கிழிந்துபோன ஒரு வெளிநாட்டுப் பையைக் கொண்டுவந்து, "இதத் தைக்க ஏலுமா?" என்று கேட்டார்கள். தாத்தா அதை முழுதாகப் பிரித்து மேசையில் பரப்பிவிட்டாள். முதுகுத் துணியில் குறுக்குக் குறுக்காக நைலோன் பட்டி வைத்துத் தைத்திருந்தது. சின்னச் சின்னப் பைகளின் பின்பக்கம் இரண்டு வால். அந்த வால்களைப் பட்டிக்குள் நுழைத்து நுழைத்து இறக்கி, கீழே பிரெஸ் பட்டனை அடித்தால் சின்னப் பை பெரிய பையோடு ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் கையோடு வரும். தண்ணீருக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று, டோர்ச்சுக்கு ஒன்று. வேண்டியதைப் பூட்டலாம், வேண்டாததைக் கழற்றலாம்.

"இது பையே இல்ல ஷஹ்மா, குடும்பம்" என்றாள் தாத்தா. "ஒட்டியும் ஈக்குது, தனியாவும் ஈக்குது."

அன்றிலிருந்து எங்களுக்கு நல்ல ஓட்டம். மலை ஏறுகிறவர்கள், காட்டுக்குள் கூடாரம் போடுகிறவர்கள் என்று ஆட்கள் தேடி வந்தார்கள். ஒருவன் ஆமிக்காரர்களின் புள்ளித் துணியைச் சுருட்டிக்கொண்டு வந்து அதில் தைத்துத் தரச் சொன்னான். ஆமியில் இல்லாதவர்கள் அந்தத் துணியை வைத்திருந்தாலே இங்கே குற்றம். "உனக்குப் பை, எங்களுக்கு பொலிஸா?" என்று கேட்டுத் துரத்தினேன்.

அதற்குப் பிறகுதான் நவம்பர் வெள்ளம்.

ஒரு வெள்ளிக்கிழமைக் காலை, பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். மகாவலி ஆறு கொல்லைப்பக்கத்தால் வந்து குசினிக்குள் நின்றது. நளீர் லொறியோடு நாவலப்பிட்டியில் மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டார் டிரக்டரைக் கொண்டுவந்து, "ஏறுங்க, ஏறுங்க" என்று கத்தினார்கள். நான் பிள்ளைகள் இரண்டையும் தூக்கி டிரக்டரின் பின்பெட்டிக்குள் போட்டேன். தாத்தா வாசலில் நின்று, "நீ ஏறு, நான் பின்னால வார" என்றாள். ஏறினேன். மழை கண்ணைத் திறக்க விடவில்லை. பின்பக்கத்தில் கறுப்பு அபாயா போட்ட ஒருத்தி குடையோடு ஏறுவதைக் கண்டேன். தாத்தா ஏறிவிட்டாள் என்று நினைத்தேன். அந்தப் பெட்டிக்குள் கறுப்பு அபாயா போட்டவர்கள் ஆறு பேர். இறங்கிய பிறகுதான் எண்ணினேன். மேட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொருத்தியின் முகமாகப் பார்த்தேன். ஒன்றும் என் தாத்தாவின் முகம் இல்லை.

அவள் வீட்டுக்குள் திரும்பிப் போயிருந்தாள். எங்கள் பெரிய தையல் மெஷினின் தலையை மேசையிலிருந்து கழற்றி, தனி ஆளாகப் படி ஏற்றி மேலே சிலெப்புக்கு, அந்தக் கொங்கிரீட் தளத்துக்கு, கொண்டுபோயிருந்தாள். மேல்மாடி கட்டுவோம் என்று சிலெப்பைப் போட்டுவிட்டு அப்படியே விட்டிருந்தோம். கூரை இல்லை, சுவர் இல்லை. அதற்குள் படியின் பாதி தண்ணீருக்குள் போய்விட்டது. காலை ஏழரையிலிருந்து பின்னேரம் நாலு மணி வரைக்கும் அந்தச் சிலெப்பில் அவள் மட்டும். மீட்பு போட் வந்ததும் நானும் சண்டை பிடித்து அதில் ஏறிப் போனேன். குடைக்குக் கீழே குந்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தார்ப்பாய் சுற்றிய மெஷின். நான் அழுதேன், கத்தினேன். என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. தாத்தா குடையை மடக்கிக்கொண்டு போட்டில் ஏறினாள்.

இரண்டு கிழமை இருந்து சேறு அள்ளினாள், சுவர் கழுவினாள். பிறகு ஒரு நாள், அக்குறணையில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

விட்டுவிட்டு வந்த கோபம் என்று நினைத்தேன். நியாயமான கோபம்தானே? ஆனால் கோபம் என்றால் சண்டை பிடிக்கலாம். எனக்குச் சண்டை நன்றாக வரும். அவள் சண்டைக்கே வரவில்லை. போனில் கோல் எடுத்தால் உடனே எடுப்பாள். "சுகமா தாத்தா?" என்று கேட்டால், "அல்ஹம்துலில்லாஹ், நல்ல சுகம். பிள்ளைகள் சுகமா?" என்பாள். வங்கியில் பேசுகிற மாதிரி இருக்கும். ஒரு நாள் நேரிலேயே போனேன். கதிரையைத் துடைத்துப் போட்டு, பீங்கானில் பிஸ்கட்டை வட்டமாக அடுக்கிக் கொண்டுவந்து வைத்தாள். எனக்கு! அவள் வாயிலிருந்து டொஃபியைப் பிடுங்கித் தின்ற எனக்கு, பிஸ்கட்டை அடுக்கி வைக்கிறாள்! பஸ்ஸில் வரும்போது கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரைக்கும் அழுதேன். திட்டினால் தாங்கலாம். மரியாதை செய்தால் மனிசி என்ன செய்வது?

வீட்டில் வெட்டுகிற வேலையும் என் தலையில் விழுந்தது. தாத்தா துணியைப் பார்த்த பார்வையிலேயே கத்தரிக்கோலைப் போடுவாள், அரை அங்குலமும் வீண் போகாது. நான் மூன்று தடவை அளந்து நாலாம் தடவை பிழையாக வெட்டுவேன். "தாத்தா, இதக் கொஞ்சம் புடிங்களே" என்று திரும்பிச் சொல்லுவேன். அங்கே ஆள் இருக்காது.

இப்படி இருந்து இருந்துதான் அந்த வாசல் துணியைத் தைத்தேன். வாசல் ஆணியில் தொங்குகிற மாதிரி ஒரு பெரிய செம்மஞ்சள் துணி. அதில் பட்டிகள். பட்டிகளில் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னப் பை, மேலே பெயர். உள்ளே அவரவர் அடையாள அட்டைப் பிரதி, கிளினிக் கொப்பி, மருந்து, விசில், டோர்ச். ஓட வேண்டி வந்தால் அவரவர் தங்கள் பையை உருவி இடுப்பிலோ தோளிலோ மாட்டிக்கொள்ள வேண்டும். கடைசியாகப் போகிறவர் துணியைப் பார்க்க வேண்டும். யாருடைய பை இன்னும் தொங்குகிறதோ, அவர் இன்னும் உள்ளே இருக்கிறார். அவர் இல்லாமல் ஒருவரும் நகரக் கூடாது. அதன் பிறகு அந்தத் துணியையே தோள்பட்டி போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு போகலாம். வெள்ளத்துக்குப் பிறகு கண்டியில் ஓர் உதவிக் குழுவினர் இதைக் கண்டு, புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு நாற்பது துணி வேண்டும் என்றார்கள். மண்சரிவு அபாயம் என்று எழுதி ஒட்டிய லயங்கள், தொழிலாளர்களின் வரிசை வீடுகள்.

தோட்டத்தில் பாலர் பாடசாலை ஆசிரியை ஒருத்தி, சர்மிளா என்று பெயர், வீடு வீடாகப் போய்ப் பெயர்ப்பட்டியல் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினாள். "வீடு ஏழு: அப்பா, அம்மா, தாத்தா, ஜீவன்." "வீடு பதினொன்று: அம்மா, தாத்தா, பாப்பா." இப்படி. வாசித்துக்கொண்டு போகப் போக விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன். நாற்பது வீட்டில் இருபத்து மூன்று வீட்டில் தாத்தா!

"இஞ்ச பாருங்க" என்று நளீரைக் கூப்பிட்டேன். "இந்தத் தோட்டத்துல எவ்வளவு தாத்தாமார் வீட்டோட ஈக்கிறாங்க எண்டு. ஒருத்தரும் கோவிச்சிட்டுப் போகல்ல."

நளீர் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல ஆக்கள் போல" என்றார். அவரும் எங்கள் ஆள்தானே. அவருக்கும் ஒரு தாத்தா மாத்தளையில் இருக்கிறார்.

பொறாமை என்றால் அப்படியொரு பொறாமை எனக்கு. வீடு ஏழில் அந்த ஜீவன், தாத்தாவோடு சண்டை பிடித்துக்கொண்டு ஒரே பீங்கானில் சோறு தின்பான். அவனுக்குத் தெரியாது அது எவ்வளவு பெரிய விஷயம் என்று.

மற்றப் பைகளை எப்படியோ தைத்தேன். அந்த இருபத்து மூன்றை மட்டும் மனது வைத்துத் தைத்தேன். உள்ளே பூப்போட்ட சீத்தைத் துணி வைத்தேன். என் தாத்தாவுக்கு அவசரத்தில் என்னென்ன வேண்டும் என்று யோசித்து யோசித்து நிரப்பினேன். மாதப் பேட், சீப்பு, சடைக் கிளிப், வளைவுப் பாதையில் வாந்தி வராமல் இருக்க இஞ்சி டொஃபி. தோட்டத்து ஆட்கள் இந்துக்கள், நெற்றி வெறுமையாக இருந்தால் பாவம் அவர்களுக்கு மனது சரிவராது என்று, கெலிஓயா டவுனில் கடை கடையாக ஏறி இருபத்து மூன்று பொட்டு அட்டையும் வாங்கி வைத்தேன். முக்காடு போட்டவள் இத்தனை பொட்டு வாங்குகிறாளே என்று கடைக்காரப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பார்க்கட்டும்.

எல்லாப் பையிலும் அச்சடித்த ஒரு துண்டு வைத்திருந்தேன், உள்ளே என்ன இருக்கிறது என்று. தாத்தாமாரின் பையில் மட்டும் என் கையால் ஒன்று எழுதி வைத்தேன். ஒன்று எழுதியதும் கை நிற்கவில்லை. இருபத்து மூன்றையும் எழுதினேன். "தாத்தா, ஒன்றையும் எடுக்கத் திரும்பிப் போக வேண்டாம். நீங்கள் வந்தால் போதும்."

சாமான் போய்ச் சேர்ந்த அடுத்த கிழமை, பகல் சோறு தின்றுகொண்டிருந்தபோது சர்மிளா கோல் எடுத்தாள். கை எச்சிலாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். குரல் ஒரு மாதிரி இருந்தது. சிரிப்பை அடக்குகிறாளா, அழுகிறாளா என்று தெரியவில்லை.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இன்னைக்கு சைரன் போட்டு எல்லாரையும் ஓட வச்சுப் பாத்தோம். நல்லாத்தான் இருந்திச்சு. தாத்தா பையிலதான் என்னமோ மாறிப் போச்சு போல."

"எனத்த மாறின?"

"பொம்பளைங்க சாமானா இருக்குங்க."

"பொம்பளைக்குப் பொம்பளைட சாமான் தானே புள்ள வைக்கணும்?"

"அக்கா, மூக்கையா தாத்தாவுக்கு எழுபத்தெட்டு வயசுங்க."

மூக்கையா என்பது என் காதில் விழவேயில்லை. எழுபத்தெட்டு மட்டும் விழுந்தது. "யா அல்லாஹ்! எழுபத்தெட்டு வயசுலயும் தம்பி தங்கச்சிமாரோடயா ஈக்கிறாங்க? பாவமே! கலியாணம் முடிக்கல்லயா?"

"முடிச்சிட்டாங்க. ஏழு புள்ளைங்க."

"ஏழா! அப்ப மாப்பிள்ளை எங்க? மவுத்தா?"

"ஐயோ அக்கா, மாப்பிள்ளையே அவருதாங்க!"

நளீருக்குச் சோறு புரைக்கேறிவிட்டது. தலையில் தட்டிக்கொண்டு, இருமிக்கொண்டு, ஒரு கையால் என்னைக் காட்டி மறு கையால் தாடியைத் தடவித் தடவிக் காட்டினார். கிழவர், கிழவர் என்று. அப்போதுதான் எனக்கு வெளிச்சம் வந்தது. இருபத்து மூன்று கிழவர்களுக்குச் சடைக் கிளிப் கொடுத்திருக்கிறேன். பொட்டு கொடுத்திருக்கிறேன். மற்றதை நினைக்க நினைக்க எனக்கு நிலத்துக்குள் புதையலாம் போல இருந்தது.

"வீடியோ வேற பசங்க போட்டுட்டாங்க" என்றாள் சர்மிளா மெதுவாக.

அந்த வீடியோவை நான் பார்க்கவே மாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன். ஐந்து நிமிடத்தில் பார்த்தேன். கோயில் முன்னால் சனம் நிற்கிறது. நடுவில் மூக்கையா, இடுப்பில் என் செம்மஞ்சள் பை. பையின் சிப்பைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து உயர்த்திக் காட்டுகிறார். மொட்டைத் தலையில் கிளிப்பைக் குத்தப் பார்க்கிறார். பொட்டை உரித்து நெற்றியில் ஒட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றுகிறார். சனம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. பேட்டை எடுத்து, "இது தோள்ல சுமை வைக்கிறதுக்கா?" என்று கேட்கிறார். பெண் பிள்ளைகள் முகத்தை மூடிக்கொண்டு ஓடுகிறார்கள். கடைசியாகத் துண்டு வெளியே வருகிறது. கண்ணுக்குத் தூரமாகப் பிடித்து, எழுத்துக் கூட்டி வாசிக்கிறார். "தாத்தா... ஒன்றையும்... எடுக்கத் திரும்பிப் போக வேண்டாம். நீங்கள்... வந்தால் போதும்." சிரிப்புச் சத்தம் அப்படியே அடங்குகிறது. மூக்கையா துண்டைப் புரட்டிப் பார்க்கிறார். "இத எழுதுன புள்ள யாரையோ தேடுதுடா" என்கிறார். அங்கே வீடியோ முடிகிறது.

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஊர் பார்க்க என் வயிற்றைத் திறந்து வைத்த மாதிரி. நளீர் சிரிப்பதை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நானும் கவனிக்கல்ல புள்ள" என்றார். அவரோடு சண்டை பிடிக்கலாம் என்று பார்த்தேன். மனிசன் அதற்கும் இடம் தரவில்லை.

நாலு நாளில் இருபத்து மூன்று புதுப் பை தைத்தேன். இந்தத் தடவை தைலம், மூக்குக்கண்ணாடிக்கு ஓர் உறை, வெற்றிலைக்கு ஓர் இடம். ஞாயிற்றுக்கிழமை நளீரின் லொறியில் புசல்லாவைக்குப் போனோம். வழி முழுக்க எப்படி மன்னிப்புக் கேட்பது என்று பாடமாக்கிக்கொண்டு போனேன். தேவையே இருக்கவில்லை. லயத்து வாசலில் இறங்கியதும் சனம் என்னைக் கல்யாணப் பெண்ணைப் பார்க்கிற மாதிரி ஓடி வந்து பார்த்தது. கிழவர்கள் வரிசையாக வந்து பூப்போட்ட பையைத் தந்துவிட்டுப் புதுப் பையை வாங்கிக்கொண்டார்கள். கிளிப்பையும் பொட்டையும் பேத்திமார் ஏற்கெனவே பங்கு போட்டிருந்தார்கள். இஞ்சி டொஃபியில் ஒன்றும் மிச்சமில்லை.

மூக்கையா மட்டும் பையைத் தரவில்லை. வீடியோவில் பார்த்ததைவிட நேரில் மெலிந்த மனிதர். வாய் மட்டும் அதே வாய்.

"புதுசையும் குடுங்க, பழசும் இருக்கட்டும்" என்றார்.

"பொம்பளைட பை தாத்தா அது" என்றேன். முதல் தடவையாக ஓர் ஆணை அப்படிக் கூப்பிட்டபோது நாக்கு உதறியது.

"இருக்கட்டும்மா. சாமான் எல்லாம் குட்டிங்க எடுத்துக்கிருச்சுங்க. இந்தக் கடதாசிக்காகத்தான் கேக்குறேன். ஏழு பெத்தேன். ஒருத்தன் என்கூட இருக்கான். மத்ததெல்லாம் கொழும்பு, கல்ஃப்புன்னு போயிருச்சு. சாமான் அனுப்புறாங்க, நல்லாத்தான் பாக்குறாங்க. நீ வந்தா போதும்னு யாரும் எழுதுனதில்ல."

"அது ஒங்களுக்கு எழுதினதில்லயே" என்றேன். கொஞ்சம் காரமாகத்தான் வந்தது.

"தெரியுதும்மா. யாருக்கு எழுதுனீங்களோ அவங்களுக்குக் குடுத்தீங்களா?"

நான் குனிந்து, திருப்பி வாங்கிய பூப்போட்ட பைகளை எண்ணத் தொடங்கினேன். சர்மிளா ஒரு கோப்பை பிளேன்டி கொண்டுவந்து தந்து காப்பாற்றினாள். கடதாசியை நான் திருப்பிக் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது புசல்லாவை டவுனுக்குக் கீழே, பிரதான பாதையில், ஒரு வளைவில் இரண்டு பஸ் எதிர் எதிராக மாட்டிக்கொண்டு நின்றன. முன்னாலும் போக ஏலாது, பின்னாலும் போக ஏலாது. நளீர் லொறியை ஓரம் கட்டிவிட்டுத் தேத்தண்ணிக் கடைக்குப் போனார். நான் உள்ளேயே இருந்தேன். போன் அடித்தது. தாத்தா.

ஒன்பது மாதத்தில் அவளாக எடுத்த முதல் கோல். அவசரமாக எடுக்கப் போய், போன் காலுக்குக் கீழே விழுந்துவிட்டது. தேடி எடுப்பதற்குள் வெட்டுப்பட்டுவிடுமோ என்று பயந்து, கீழே குனிந்தபடியே பேசினேன்.

"தாத்தா?"

"ஷஹ்மா." சுகம் விசாரிக்கவில்லை. "ஒரு வீடியோ வந்தீக்குது. கடைல எல்லாரும் பாத்துப் பாத்துச் சிரிக்கிற. நானும் சிரிச்ச. பொறகு அந்தக் கடதாசிய வாசிச்சாரு. வசனத்தக் கேட்ட ஒடனே தெரிஞ்ச. அத நீ தானே எழுதின?"

"ஓ."

"யாருக்கு எழுதின?"

"ஒங்களுக்குத்தான் தாத்தா. வேற யாருக்கு எழுதுற?" சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "ஒங்கள விட்டுட்டுப் போனது பிழைதான். அபாயாவப் பாத்து ஏமாந்துட்டேன். அதுக்கு இப்பிடியா? ஒம்பது மாசம்! ஒரு அடி அடிச்சிருக்கலாமே!"

"நீ விட்டுட்டுப் போனதுக்கு எனக்குக் கோவமே இல்ல" என்றாள் தாத்தா. "நான்தானே உன்ன ஏறச் சொன்ன. நான்தானே திரும்பிப் போன. அதுக்கு உன்னோட எனத்துக்குக் கோவம்?"

"அப்ப?"

புடவைக் கடையில் யாரோ சிங்களத்தில் விலை கேட்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு கதவு சாத்துகிற சத்தம்.

"வந்தா போதும் எண்டு இப்ப எழுதி ஈக்கிற. அண்டைக்கு போட்ல வந்து மொதல்ல எனத்த கேட்ட எண்டு ஞாபகம் ஈக்குதா?"

"இல்ல தாத்தா. சத்தியமா ஞாபகமில்ல."

"'மெஷின் நனஞ்சிட்டா?' எண்டு கேட்ட."

நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது. போட் சிலெப்பில் முட்டியது. நான் எழுந்து நின்றேன். போட் ஆடியது, "இருங்க, இருங்க" என்று யாரோ என் தோளை அமத்தினார்கள். நான் கையை நீட்டினேன். நீட்டின கை போனது தார்ப்பாய்க்கு. தாத்தா பக்கத்தில்தான் இருந்தாள், உதடு நீலம் பாய்ந்து. அவளைத் தாண்டித்தான் என் கை போனது. இரண்டு பேர் தூக்குகிற இரும்பை எனக்காகத் தனியாகத் தூக்கிப் படி ஏற்றினவள் அவள்.

எனக்கு மறுமொழி இருந்தது. நல்ல மறுமொழி. ஒங்களக் கண்ணால கண்ட தானே தாத்தா, உசிரோட ஈக்கிறீங்க எண்டு தெரிஞ்ச பொறகுதானே மெஷினக் கேட்ட. அது பொய்யுமில்லை. நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து ஒரு பேச்சையும் விட்டுக்கொடுக்காதவள் நான், இதையும் சொல்லி வென்றிருப்பேன். வென்றால் நாளைக்கும் பீங்கானில் பிஸ்கட்தான். அதை விழுங்கினேன்.

"தாத்தா" என்றேன்.

"ம்."

"நீங்க நனஞ்சிட்டீங்களா?"

வெட்டுப்பட்டுவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். செக்கன் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி காதில் வைத்தபோது அவள் அழுகிற சத்தம் கேட்டது. உம்மா மவுத்தான அன்றுகூட நான் அவளிடம் கேட்காத சத்தம்.

"நனஞ்ச" என்றாள். "நல்லா நனஞ்சி போன ஷஹ்மா. குடை காத்துக்குப் பொரண்டு பொரண்டு போன. காலு ரெண்டும் வெறச்சிப் போன. எனக்கு சரியான பயம். யாருமே கேக்கல்லடி."

"சொல்லுங்க தாத்தா. மொதல்ல இருந்து சொல்லுங்க."

சொன்னாள். டிரக்டர் போன பிறகு தெரு எப்படி இருந்தது என்று சொன்னாள். படியில் ஏறும்போது மூன்றாம் படியில் மெஷின் கை நழுவப் பார்த்ததையும், வயிற்றால் அணைத்துப் பிடித்ததையும் சொன்னாள். அடுத்த வீட்டு ஆடு நீந்திப் போனதைச் சொன்னாள். எட்டு மணிக்கு விசிலடிக்கப் பார்த்தாளாம், உதடு கூடவில்லையாம். ஒன்பது மணிக்குச் சிலெப்பின் இந்த மூலைக்குத் தண்ணீர் வந்தால் எந்தக் கம்பியைப் பிடிப்பது என்று யோசித்தாளாம். நான் ஒன்றுக்கும் மறுமொழி சொல்லவில்லை. "ம்" மட்டும் கொட்டினேன். நளீர் இரண்டு கோப்பையோடு வந்து கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றை முன்னால் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். வளைவில் பஸ்கள் விலகிவிட்டன. பின்னால் நின்ற வண்டிகள் ஹோர்ன் அடித்துக்கொண்டு எங்களைக் கடந்து போயின. வீட்டுக்கு வருவீர்களா என்று கேட்க வேண்டும் போல அத்தனை ஆசை எனக்கு. கேட்கவில்லை. அவள் இன்னும் காலை பத்தரை மணியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.